பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு லண்டனுக்கு

1

போன சனிக்கிழமை காலையில் அடுத்த வீட்டு ஜோன் எங்கள் பின்பக்கக் கதவைத் தட்டினாள். தோளில் ஆறு மாசக் குழந்தை, கையில் பென்சிலும் தாளும். அவள் புருஷனுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்திருக்கிறதாம், அடுத்த மாசம் குடும்பத்தோடு விமானம் ஏறுகிறார்களாம். "நீதான் கைக்குழந்தையோடு இந்தியாவிலிருந்து பறந்து வந்தவளாச்சே, எனக்கு ரெண்டு யோசனை சொல்லேன், எழுதிக்கொள்கிறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு! அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். ஜோன் பாவம், தன் முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துப் பார்க்கிறாள். ஏழு வயசு மகள் உலகம்மாள் மாடியிலிருந்து ஓடி வந்து, "மம்மி, வாட் இஸ் இட்?" என்கிறாள். என்னத்தைச் சொல்ல? ஒருவழியாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜோனிடம், "விமானத்தில் யார் கேட்டாலும் இது உன் பிள்ளை என்று சொல்லிவிடு. அதுதான் முதல் யோசனை" என்றேன். ஜோன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எழுதிக்கொள்ளவில்லை.

அவளுக்கு விளக்கிச் சொல்ல என் இங்கிலீஷ் போதாது. தவிடு என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்கு இன்னும் தெரியாது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தவிட்டுக்குப் பிள்ளை வாங்குவது பற்றி தென்காசிப் பக்கம் தெரியாதவர்கள் உண்டா? அதனால் இதை ஊருக்கு எழுதுகிறேன். ஏழு வருஷமாக இந்த லண்டனில் யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிய காரியம்.

2

எனக்குப் பிறந்த ஊர் குற்றாலம். பேரருவிக்குப் போகிற வழியில் அப்பாவுக்கு எண்ணெய்க் கடை. வாழ்க்கைப்பட்டது தென்காசியில். வீட்டுக்காரர் பெயரை நான் சொல்ல மாட்டேன், அன்றைக்கும் சொன்னதில்லை, இன்றைக்கும் சொல்வதில்லை. இது ஒரு விஷயமா என்று கேட்காதீர்கள், இதனாலும் ஒரு வம்பு வந்தது, பின்னால் சொல்கிறேன்.

உலகம்மாளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஒன்று நாற்பது நாள் இருந்தது, இன்னொன்று மூன்று மாசம் இருந்தது. இதை இந்த இரண்டு வரியில்தான் என்னால் எழுத முடியும். அதற்கு மேல் எழுதினால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

மூன்றாவது உண்டாகி அஞ்சாவது மாசம் அவர் சீமைக்குக் கப்பலேறினார். இஞ்சினீயரிங் டிப்ளமோ படித்தவர், இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் குற்றாலத்துக்குப் போய் அப்பா வீட்டில் பிள்ளையைப் பெற்றேன். பொம்பிளைப் பிள்ளை. நல்ல கனம், நல்ல குரல். எனக்குச் சந்தோஷப்படவே பயமாக இருந்தது. பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால்கூடக் கண்ணு பட்டுவிடும் என்று சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள், தென்காசியிலிருந்து ஐசாக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். எங்கள் தென்காசி வீட்டுக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் தறி நெய்கிறவர். ஐசாக்கா ஆறு பெற்று ஆறையும் ஒரு தும்மல் இல்லாமல் வளர்த்தவள். அப்படிப்பட்டவள் தவிட்டுக்கு வாங்கிவிட்டால் எமனுக்குப் பிள்ளை அடையாளம் தெரியாதாம், அதனால்தான் என் மாமியார் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். வந்தவள் உள்ளே நுழையவில்லை. வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டு, இடுப்பில் ஒரு சுளகும் அதில் தவிடுமாக, தெருவில் காய்கறி கேட்கிறவள் மாதிரி சத்தம் போட்டாள்.

"ஏட்டி செண்பகம், பிள்ள இருக்காமே, விக்கியா?"

"விக்கேன்க்கா."

"என்ன வெல?"

"ஒரு படி தவிடு."

"முக்காப்படிதான் கொண்டாந்திருக்கேன். பிள்ளயும் அப்படியொண்ணும் செவப்பா இல்லயே. மூக்கு வேற சப்பையா இருக்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. சரி என்று தலையை ஆட்டினேன். பிள்ளையைச் சுளகில் வைத்துப் படிக்கு அந்தப் பக்கம் கொடுத்தேன், தவிட்டை இந்தப் பக்கம் வாங்கினேன். ஐசாக்கா பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்து, "பிச்சை"ன்னு பேர் வைத்தாள். அப்புறம்தான் உள்ளே வந்து, என் மடியில் பிள்ளையைப் போட்டுச் சட்டம் சொன்னாள்.

"கேட்டுக்கோ. இன்னமே இது எம் பிள்ள. நீ பாலு குடுக்கதுக்கு வச்ச ஆளு, அம்புட்டுத்தான். ஒரு வருசம் முடிஞ்சு, முடியெடுத்துக் காது குத்துன பெறகு, தவிட்டத் திருப்பிக் குடுத்துப் பிள்ளய வாங்கிக்கோ. அது வரைக்கும் எம் பிள்ளன்னு ஒன் வாயில ஒரு சொல்லு வரப்படாது. செண்பகத்துப் பிள்ள எங்கன இருக்குன்னு தேடிட்டு வாரவனுக்குக் காது ரெம்ப கூர்மை."

அன்றையிலிருந்து நான் சொல்லவில்லை. தென்காசிக்குத் திரும்பிய பிறகு தெருவே சேர்ந்து இந்த விளையாட்டை விளையாடியது. யாராவது "யாரு பிள்ள இது?" என்றால் "ஐசாக்கா பிள்ள" என்பேன். ஐசாக்கா தினம் காலையில் வந்து என்னை அதட்டுவாள். "எம் பிள்ளைக்கு ஏன் மூக்கு ஒழுகுது? என்னட்டி பாத்துக்கிடுத? வேற ஆள் வச்சிருவேன்!" நானும் கைகட்டி நின்று, "மன்னிச்சிருங்க முதலாளி" என்பேன். அவ்வளவு பயத்துக்கு நடுவில் அவ்வளவு சிரிப்பு சிரித்தது அந்தப் பத்து மாசத்தில்தான்.

வீட்டுக்காரருக்கு மட்டும் இதை எழுதவில்லை. இவர் கருப்புச் சட்டைக்காரர். சாமி, பேய், சகுனம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், எகிறிவிடுவார். பிள்ளைக்கு "உலகம்மாள்" என்று தன் அம்மா பெயரைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். மெட்ராஸில் இருந்த கொழுந்தனார் அந்தப் பெயரையே என் பாஸ்போர்ட்டில் பதிந்துவிட்டார். ஆக, பிள்ளைக்குக் காகிதத்தில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர். ரெண்டும் ஒரு நாள் ஒரே மேஜையில் வந்து விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

3

பிள்ளைக்குப் பத்து மாசம் ஆகும்போது இவரிடமிருந்து கடிதம். வீடு பார்த்தாயிற்று, டிக்கெட் போட்டாயிற்று, ஆனி மாசம் புறப்பட்டு வா. ஐசாக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு மாசம் பொறுக்க மாட்டாகளாமா? அப்படி என்ன அவசரம்?" என்றாள்.

"இப்பவே திருப்பி வித்துருங்கக்கா."

"வருசம் முடியாம விக்க மாட்டேன். எம் பிள்ளயாவே போயிட்டு வரட்டும். சீமைக்குப் போனாலும் சட்டம் சட்டந்தான்."

விமானம் ஏற அம்மை குத்திய சான்று வேண்டும். அந்த வருஷம் சீமையில் அம்மை பற்றி ஒரே பீதி, அதனால் கெடுபிடி. நானும் ஐசாக்காவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனோம். மேஜையில் இருந்த கம்பவுண்டர் தலை நிமிராமல், "பிள்ளைக்குத் தாய் யாரு?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன், மூடினேன். ஐசாக்கா முன்னால் வந்து நின்று, "நாந்தான்" என்றாள். பேர் என்ன என்றார். "பிச்சை" என்றாள். ஒங்க பேரு? "ஐசா பீவி." கையெழுத்துப் போடத் தெரியுமா? "ஏன் தெரியாது?" என்று பேனாவைப் பிடுங்கி, அரபுத்தமிழில் வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாக நிதானமாக ஒரு கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்தில் நின்று ஐயோ பாவம் என்று பிள்ளையின் அம்மை குத்திய கையை ஊதிக்கொண்டிருந்தேன். டாக்டர் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சான்றுக்கான ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். டாக்டர் எழுத்தை யாரால் படிக்க முடியும்? வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

இதுதான் நாங்கள் செய்த தப்பு. வேண்டுமென்று செய்யவில்லை. அந்த நேரத்தில் அது தப்பு என்றே எங்கள் இரண்டு பேருக்கும் படவில்லை.

4

அப்பா பம்பாய் வரைக்கும் ரயிலில் கூட்டிக்கொண்டு வந்து விமானம் ஏற்றிவிட்டார். அந்த ஜெட் விமானத்தைப் பார்த்தவுடன் எனக்குத் தலைகால் புரியவில்லை. பயமா சந்தோஷமா என்று கேட்டால் இரண்டும்தான். பதினைந்து மாசம் கழித்து இவரைப் பார்க்கப் போகிறேன், அவர் பார்க்காத பிள்ளையைக் காட்டப் போகிறேன். படி ஏறும்போதே எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

பக்கத்து சீட்டில் மேரி என்று ஒரு நர்ஸ். புனலூர்க்காரி, லண்டனில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம்தானே புனலூர், அவள் மலையாளமும் என் தமிழும் மலையைத் தாண்டிச் சந்தித்துக்கொண்டன. "சேச்சி, சேச்சி" என்று ஒட்டிக்கொண்டாள். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடிதான்.

ஏர் ஹோஸ்டஸ் வந்து குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "யுவர் பேபி?" என்றாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சுத்தமாகச் சொன்னேன். "நோ. நெய்பர் பேபி."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது நான் முந்தானைக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நின்றாள். பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நானும் பெருமையாகத் தலையை ஆட்டி, "நெய்பர் பேபி" என்றேன் இன்னொரு தடவை. பாவம், தட்டிலிருந்த மிட்டாயை எல்லாம் என் மடியிலேயே கொட்டிவிட்டாள்.

அப்புறம் முன்சுவரில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார்கள், பிள்ளையைப் படுக்க வைக்கவாம். பெட்டியில் படுத்துப் பழகிய பிள்ளையா அது? வீல் என்று கத்தியது. நான் பையிலிருந்து பழைய நூல் சீலையை எடுத்து, தலைக்கு மேலே சாமான் வைக்கிற கம்பியில் முடிச்சுப் போட்டுத் தொட்டில் கட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதான். ஏர் ஹோஸ்டஸ் ஓடி வந்தாள், இன்னொருத்தி ஓடி வந்தாள், தொப்பி வைத்த ஒரு ஆள் வந்தார். கூடாது, கூடவே கூடாது என்றார்கள். நான் ஒரு ஆட்டு ஆட்டினேன். பிள்ளை உறங்கிவிட்டது. சுற்றியிருந்த ஆட்களெல்லாம் உஸ் உஸ் என்று அந்த மூன்று பேரையும் அடக்கிவிட்டார்கள். விமானம் ஆடுகிற நேரத்தில் மட்டும் அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிஷன் போட்டுவிட்டுத் தொப்பிக்காரர் போனார்.

ஒரு விஷயம் பாருங்கள். மற்ற பிள்ளைகளெல்லாம் விமானம் பறக்கும்போது அழுதன, தரையில் நின்றால் சமாதானமாயின. எங்கள் பிச்சைக்கு நேர்மாறு. பேரருவிச் சத்தத்தில் பிறந்து உறங்கிய பிள்ளையல்லவா? இஞ்சின் இரைச்சல் இருக்கிற வரைக்கும் நிம்மதியாக உறங்கியது. பெய்ரூட்டில் இறங்கி இஞ்சினை நிறுத்தினார்களோ இல்லையோ, திடுக்கிட்டு முழித்து ஊரைக் கூட்டியது. ரோமிலும் அதே கதை. இஞ்சினைப் போடுங்கள் ஐயா என்று நான் கும்பிடாத குறை.

ரோமிலிருந்து கிளம்பியதும் மேரி என் கையைப் பிடித்தாள். அவ்வளவு நேரமாக மனசில் போட்டு உருட்டியிருக்கிறாள்.

"சேச்சி, ஸத்யம் பற. ஈ குஞ்ஞு ஆருடெயா?"

"ஐசாக்கா பிள்ள."

"ஐசாக்கா எவிடே?"

"தென்காசில."

"பின்னே, நிங்ஙள் எந்தினா கொண்டு போகுந்நது?"

"எங்க வீட்டுக்காரருக்குக் காட்ட."

மேரி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். விளக்கிச் சொல்லலாம்தான். ஆனால் விளக்குவதென்றால் "உண்மையில் இது என் பிள்ளைதான்" என்ற இடத்துக்கு வந்தாக வேண்டுமே. 

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உலகம்மாள் வந்து நிற்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளை ஓல்கா என்கிறார்கள். டீச்சர் வாயில் உலகம்மாள் நுழையவில்லையாம். இவளும் ஓல்கா என்றே நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறாள். பஸ்ஸில் நான் தமிழில் சத்தமாகப் பேசினால் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்காருகிறாள். நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் வைத்தேன், "இட் ஸ்மெல்ஸ், மம்மி" என்றாள். ஒரு நிமிஷம் கோபம் உச்சிக்கு ஏறியது. ரசத்தைக் குடித்துத்தானேட்டி வளர்ந்த!

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஃபாரம் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்கும் கையெழுத்திடுபவருக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம். இந்த ஊரில் எதற்கும் இந்தக் கட்டம் உண்டு. பால் கூப்பனுக்கு உண்டு, ஆஸ்பத்திரிக்கு உண்டு, நூலகத்துக்கு உண்டு. ஒவ்வொரு தடவையும் "மதர்" என்று எழுதும்போது எனக்கு ஒரு கிறுகிறுப்பு வரும். நன்றாக அழுத்தி எழுதுவேன். அடுத்த பக்கத்திலும் பதிந்துவிடும். "ஒய் டு யூ பிரஸ் ஸோ ஹார்ட்?" என்று உலகம்மாள் கேட்கிறாள். கேட்கட்டும்.

6

லண்டனில் இறங்கினோம். நீள வரிசை. முதலில் சுகாதார டாக்டர் ஒருத்தர், வெள்ளை மீசை, நல்ல மனுஷர். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அம்மைப் புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். இதில் உலகம்மாள், செண்பகத்தின் குழந்தை. அதில் பிச்சை, ஐசா பீவியின் குழந்தை. கீழே தாயார் கையெழுத்து, வலமிருந்து இடமாக. டாக்டர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் ஐசாக்கா பேனாவைப் பிடுங்கியது ஞாபகம் வந்தது.

என்னமோ கேட்டார். எனக்கு ஓடவில்லை. பின்னால் நின்ற மேரியைக் கூப்பிட்டேன், சொல்லிக்கொடு என்று. மேரி பொய் சொல்லாதவள். "இந்த அம்மா, குழந்தை தன்னுடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரியுடையது என்று என்னிடம் சொன்னார்" என்று அப்படியே சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். கோட்டுப் போட்ட இன்னொரு அதிகாரி வந்தார். தனியாக ஒரு மேஜைக்கு எங்களைக் கொண்டுபோனார்கள். மேரி இடையில் நின்று மாற்றி மாற்றிச் சொன்னாள்.

"உங்கள் கணவர் பெயர் என்ன?"

நான் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். நீங்கள் சொல்லுங்கள் என்றார். புருஷன் பேரை எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்தேன். அதிகாரி ஒரு வரி எழுதிக்கொண்டார்.

"இந்தக் குழந்தை உங்களுடையதா?"

தரையைப் பார்த்தேன். இன்னொரு வரி எழுதிக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்தால் என்னைக் கட்டி வைத்திருப்பேன். புருஷன் பெயரும் தெரியாது, பிள்ளையும் தன்னுடையது இல்லை, சான்று வேறு பேரில் இருக்கிறது, பேந்தப் பேந்த முழிக்கிறாள். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். தென்காசிக்குத் தந்தி கொடுத்து விசாரிக்கிற வரைக்கும் குழந்தை தங்கள் பொறுப்பில் இருக்கும், நீங்கள் தனியாக இருக்க வேண்டும். சொல்லி முடிக்கும் முன்னே ஒரு வெள்ளைக்கார நர்ஸ் வந்து பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பிள்ளை என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறது. என் மார் கனத்து வலிக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை கைக்கு வந்துவிடும். அந்த வார்த்தையைச் சொன்னால் பிள்ளை கையைவிட்டே போய்விடுமோ என்று பயம். அந்த மாதிரி ஒரு இக்கட்டு எதிரிக்கும் வரக்கூடாது.

வெளியே காத்திருந்த இவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இளைத்துப்போய், பெரிய கோட்டுக்குள் காணாமல் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது, கோட்டு அவ்வளவு பெரிசு.

அதிகாரி கேட்டார். இது உங்கள் மனைவியா? ஆமாம். இது உங்கள் குழந்தையா?

இவர் நர்ஸ் கையிலிருந்த பிள்ளையை உற்றுப் பார்த்தார். உண்மை பேசுகிறவர் அல்லவா? "நான் பார்த்ததில்லையே" என்று இங்கிலீஷில் சொன்னார்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

"ஏளா, என்ன நடக்கு இங்கன?" என்று இவர் என்னிடம் திரும்பினார். இனி மறைக்க என்ன இருக்கிறது? மளமளவென்று சொன்னேன். சுளகு, முக்காப்படி, பிச்சை, ஐசாக்கா கையெழுத்து, எல்லாம். இவர் முகம் சிவந்துகொண்டே போனது.

"தவிட்டுக்கா? எம் பிள்ளயத் தவிட்டுக்கா வித்த? எட்டாப்பு படிச்சவதானளா நீ? நான் இத்தன வருசமா தொண்ட கிழியக் கத்துனது எல்லாம் காத்துலயா போச்சு? இப்ப சொல்லு. மை பேபின்னு ஒரு வார்த்த. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க சொல்லுங்களேன்."

"எனக்கென்ன பயம்? நான் சொல்லுதேன் பாரு." கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு அதிகாரி பக்கம் திரும்பினார். "சார், திஸ் இஸ்..."

பிள்ளை அவரைப் பார்த்தது. அவருக்கு இருக்கிற அதே சப்பை மூக்கு. அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடிக்கிற தூரத்தில் அது கையை நீட்டியது.

"திஸ் இஸ்..."

முதல் இரண்டு பிள்ளைகளையும் இவர்தான் தூக்கிக்கொண்டு போனார். குழிக்குள் இறங்கித் தன் கையால் வைத்தவர் இவர்தான். நான் வீட்டில் கிடந்தேன், பார்க்கவில்லை. அவர் பார்த்தவர்.

"சார், திஸ்..." நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்த்துவிட்டது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். "என்னால முடியலளா" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவரை அப்படிப் பார்த்ததும் என் பயம் எல்லாம் கோபமாக மாறிவிட்டது. யார்மேல் கோபம் என்றுகூடத் தெரியாது. "மை பேபி" என்றேன். போதவில்லை. "எம் பிள்ள!" என்று கத்தினேன். "நான் பெத்த பிள்ள! பத்து மாசம் செமந்து பெத்த பிள்ள! குடு இங்க!" அந்தப் பெரிய கூடமே திரும்பிப் பார்த்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருத்தர் விடாமல் திரும்பினார்கள். நர்ஸ் பயந்துபோய்ப் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டாள். அது உடனே முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

மேரிக்கு மொழிபெயர்க்க வேலையே இல்லாமல் போயிற்று. அழுதுகொண்டே சிரித்தாள். வெள்ளை மீசை டாக்டர் எழுந்து வந்தார். பிள்ளையின் சட்டைக் கையை மேலே ஏற்றி அம்மைத் தழும்பைப் பார்த்தார். புத்தகத்தில் யார் பெயர் இருந்தாலும் தழும்பு இந்தக் கையில்தானே இருக்கிறது என்று அதிகாரியிடம் சொன்னார். இரண்டு பெயரும் ஒரே குழந்தைக்கு என்று ஒரு தாளில் எழுதி, தாயார் என்று போட்ட இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். நன்றாக அழுத்தித்தான் போட்டேன்.

வெளியே வரும்போதும் நான், "எம் பிள்ள, எம் பிள்ள" என்று சொல்லிக்கொண்டே வந்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த கருப்புச் சட்டைக்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் காதோரமாகச் சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"மெதுவாச் சொல்லுளா. காதுல விழுந்துரப் போவுது."

7

சொன்னதெல்லாம் சரி. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் விரலை மடக்கி மாசக் கணக்குப் பார்த்தேன். வருஷம் முடிய இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது. அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாமே. மறுநாளே ஐசாக்காவுக்கு ஏர்மெயில் கடிதம் எழுதினேன். "அக்கா, சொல்லிப்போட்டேன். ஒரு தடவ இல்ல, பல தடவ. நான் என்ன செய்வேன்?"

பன்னிரண்டாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல்.

வெயில் காலமானாலும் இந்த ஊர்க் குளிர் பிள்ளைக்குப் புதுசு, எந்தப் பிள்ளைக்கும் வருகிற காய்ச்சல்தான் என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஏறவில்லை. நான் சொன்னதால்தான் என்று அழுதேன். இவர் என்னைத் திட்டவில்லை. வேலைக்குப் போகாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஒற்றை அறைக்குள் நடந்தார். மருந்துக் கரண்டியை வாயருகே கொண்டுபோய், கொஞ்சம் சத்தமாக, ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்கிற மாதிரி, "ஐசாக்கா பிள்ள, வாயத் தொற. ஐசாக்கா பிள்ளல்லா நீ, மருந்தக் குடி" என்றார். கடவுளே இல்லை என்று மேடை போட்டுப் பேசிய மனுஷன். எனக்கு அவரை அன்றைக்குப் பிடித்த மாதிரி அதற்கு முன்னும் பிடித்ததில்லை, பின்னும் பிடித்ததில்லை.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து, அவர் கண்ணாடியைப் பிடுங்கிக் கடித்தது. அதற்கு மறுநாள் தபாலில் ஐசாக்கா கடிதம் வந்தது. மூத்த மகளிடம் சொல்லி எழுத வைத்திருந்தாள். இவர் வாசிக்க, நான் பிள்ளையை மடியில் வைத்துக் கேட்டேன்.

"ஏட்டி கிறுக்கி, எதுக்கு அழுத? முக்காப்படித் தவிடு ஒன் வீட்டுலதான இருக்கு, திருப்பித் தந்தியா? தரலல்லா? அப்ப பிள்ள எனக்குத்தான். எம் பிள்ளயப் போயி ஒம் பிள்ளன்னு நீ வெள்ளக்காரன்ட்ட சொன்னது பச்சப் பொய்யி. பொய்யி எப்படிட்டி பலிக்கும்? தேடிட்டு வாரவன் கேட்டான்னா, தென்காசியில ஐசா பீவின்னு ஒருத்தி இருக்கா, அவட்ட வந்து கேளுன்னு சொல்லு. நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீ எம் பிள்ளைக்கு நேரத்துக்குப் பாலு குடு."

இவர் அதை இரண்டாம் தடவையும் வாசித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒரு பொய் சொல்லட்டுமாளா?" என்று என்னைக் கேட்டார்.

"சொல்லுங்க" என்றேன்.

"எம் மவளே" என்றார்.